காளையா, கிடேரியா?

போன மாசியில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டார். "செவலை கன்னு போட்ருச்சு கண்ணு. தாயும் கன்னும் நல்லா இருக்குது. நஞ்சுக்கொடி இப்பத்தான் உழுந்துச்சு." தூக்கக் கலக்கத்திலும் என் வாயில் வந்த முதல் கேள்வி, "காளையா, கிடேரியாங்மா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. கிடேரியாக, அதாவது பெண் கன்றாக, இருந்திருந்தால் அம்மா அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். நஞ்சுக்கொடி வரைக்கும் போய்ச் சுற்றி வளைத்திருக்க மாட்டார். "காளைதான்" என்றார். பேச்சு அப்படியே சீம்பாலுக்கு மாறிவிட்டது.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களுக்குள் இருக்கிறது. மழை பெய்தால் கொழுக்கட்டைப்புல், பெய்யாவிட்டால் வெள்வேல மரத்தின் காய். மாடு இல்லாத வீடு அந்தக் காலத்தில் இல்லை. அப்பாருக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, இந்த ராத்திரிப் போன் புரிந்திருக்காது. அவர் காலத்தில் நிலைமை நேர் எதிர். காளைக்கன்று விழுந்தால்தான் வீட்டில் சிரிப்பு. ஒன்றுக்கு ஜோடியாக இன்னொன்றைத் தேடிப் பிடித்து, உழவுக்கும் வண்டிக்கும் பழக்கி, நல்ல ஜோடி என்று பேர் வந்துவிட்டால், சந்தையில் அவர் சொன்னதுதான் விலை. கிடேரி பிறந்தால் "சரி, இருக்கட்டும்" என்பார்களாம். அதே கட்டுத்தறி, அதே கேள்வி. அம்பது வருசத்தில் பதில் மட்டும் திரும்பிக்கொண்டது.

காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது பெரும்பாலும் செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு உதிர்ந்து சாம்பலாகிவிடும். கிடேரி வளர வளர வெளுக்கும். காளை வளர வளரக் கறுக்கும்: தலை, கழுத்து, திமில், முன்னங்கால் சப்பை, பின்பக்கம் எல்லாம் மை பூசினாற்போல. அந்தக் காளைக்குக் காயடித்துவிட்டால் கருமை மெல்ல மெல்ல வடிந்து, பழையபடி சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அதனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நாலு காடு தள்ளி மேயும் மாட்டைப் பார்த்தே சொல்வார்கள்: அது காளை, அது எருது, அது பசு. மூன்று சொல், மூன்று நிறம். ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள் இதை அடைக்க முடியாது.

இதை நான் தெரிந்துகொண்டது மகளின் தமிழ்த் தாளைப் பார்த்துத்தான். 'பசு' என்பதற்கு ஆண்பால் கேட்டிருந்தார்கள். இவள் 'காளை' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்து 'எருது' என்று திருத்தியிருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நியாயம் கேட்டு அந்தத் தாளைத் தாத்தாவிடமே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "எருதா? அதுக்குக் காயே இல்லியே. அது எப்படிச் சாமி பசுவுக்கு ஜோடியாகும்?"

"காய்னா என்னங் தாத்தா?" என்று அவள் கேட்க, அம்மா அடுப்படியிலிருந்து இருமினார். நான் கன்றுக்குத் தண்ணி காட்டுவதுபோல வெளியே வந்துவிட்டேன்.

ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. அகராதியில் எருது என்றால் காளை என்றும் இருக்கிறது, பழைய பாட்டுகளிலும் இரண்டும் கலந்துதான் வருகின்றன. 'எருது ஈன்றது என்றால் தொழுவத்தில் கட்டு என்றானாம்' என்ற பழமொழியில்கூட எருது வெறும் ஆண் மாடுதான். ஆனால் மாடு வைத்திருப்பவர் வாயில் எருது என்றால் காயடித்து, பழக்கி, நுகத்தடிக்குப் போன மாடு. காயடிக்காமல் இனவிருத்திக்கென்று விட்டது பூச்சிக்காளை. மற்ற ஊர்களில் பொலிகாளை. கோயிலுக்கு நேர்ந்துவிட்டால் கோயில் காளை. எருதிலும் நுகத்தில் எந்தப் பக்கம் பூட்டுவது என்பதைப் பொறுத்து வலத்து மாடு, இடத்து மாடு. பக்கத்தை மாற்றிப் பூட்டினால் நடக்காமல் நின்றுவிடும் மாடுகள் உண்டு என்பார் அப்பா.

பெண் பக்கத்தில் வேறு கணக்கு. பிறந்தால் கிடேரிக்கன்று. வளர்ந்தால் கிடேரி. முதல் கன்று போடும்வரை அது கிடேரிதான், எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும். போட்ட அன்றைக்குத் தலையீத்து மாடு. அதற்கப்புறம் இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து என்று எண்ணிக்கையோடு பசு. கறந்துகொண்டிருந்தால் கறவை, வயிற்றில் இருந்தால் சினைமாடு, எதுவும் இல்லாமல் தீவனம் மட்டும் தின்றால் வறட்டு மாடு. ஆண் மாட்டின் பெயரை மாற்றுவது காயடிக்கிற கிடுக்கி. பெண் மாட்டின் பெயரை மாற்றுவது அதன் வயிறு. இரண்டு பக்கத்திலும் உடம்பைப் பார்த்து வைத்த பேர் குறைவு. நமக்கு அது என்ன வேலைக்கு ஆகிறது என்று பார்த்து வைத்த பேர்தான் அதிகம்.

'மாடு' என்ற பொதுச்சொல்லையே பாருங்கள். "மாடு கறந்தாச்சா?" என்றால் பசு. "மாடு பூட்டியாச்சா?" என்றால் எருது. "மாடு அவுத்து உடறாங்க" என்று மதுரைப் பக்கம் தை மாதத்தில் சொன்னால் வாடிவாசல் காளை. யாரும் குழம்புவதில்லை. தமிழில் வினைச்சொல் இதில் உதவிக்கு வராது. இந்தியில் வினையே ஆண் பெண் காட்டிவிடும். நமக்குக் காளையும் வந்தது, பசுவும் வந்தது. விலங்கு என்றாலே அஃறிணை, ஒன்றா பலவா என்பது மட்டும்தான் விகுதிக்குத் தெரியும். முழுப் பாரத்தையும் பெயர்ச்சொல்தான் சுமக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, நம்மிடம் இவ்வளவு பெயர்கள் சேர்ந்தன.

எவ்வளவு என்பதைத் தொல்காப்பியத்தின் கடைசி இயலான மரபியலில் பார்க்கலாம். பள்ளியில் இதை மனப்பாடம் செய்யச் சொன்னபோது கசந்தது. இப்போது ராத்திரி சாப்பிட்டு முடித்துப் படித்தால் ஒரு மாட்டுச் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. குட்டிகளுக்கான பெயர்கள் ஒன்பது, ஆணுக்குப் பதினைந்து, பெண்ணுக்குப் பதின்மூன்று என்று மூன்று பட்டியலை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் எந்தப் பேர் எந்த விலங்குக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று ஒவ்வொன்றாக வழக்குத் தீர்க்கிறார் தொல்காப்பியர். அந்தத் தீர்ப்புகளில்தான் சுவாரசியம்.

களிறு யானைக்கு உரியது. சரி, அது நமக்கும் தெரியும். ஆனால் பன்றிக்கும் சொன்னால் தடையில்லை என்கிறார். ஏறு என்றால் நமக்கு ஏறுதழுவுதல்தான் நினைவுக்கு வரும். அங்கே பன்றி, மான், கவரி எல்லாம் ஏறு. மாடும் எருமையும் மரையும் ஏறு. போதாததற்குக் கடலில் வாழும் சுறாவும் ஏறு. போத்து என்ற பேர் மாட்டிலிருந்து புலி வழியாக நீர்வாழ் உயிர்கள் வரைக்கும் நீள்கிறது. சேவல் இன்றைக்குக் கோழிக்கு மட்டும் சுருங்கிவிட்ட சொல். அன்று சிறகுள்ள எல்லாவற்றின் ஆணும் சேவல்தான், மயிலைத் தவிர. மயிலை ஏன் தள்ளிவைத்தார் என்று உரைகாரர்களும் யோசித்திருப்பார்கள். கரிய பெரிய தோகை என்று அடைமொழி கொடுத்துவிட்டுத்தான் விலக்குகிறார். அதாவது ரசித்துக்கொண்டே தள்ளிவைக்கிறார்.

ஆட்டுக்கு வந்தால் ஆணுக்கே நான்கு பெயர்: மோத்தை, தகர், உதள், அப்பர். ஆமாம், அப்பர். திருநாவுக்கரசரை நினைத்துக்கொண்டு படித்தால் ஒரு கணம் திக்கென்று இருக்கும். அதைவிட அதிர்ச்சி 'பாட்டி'. பன்றியின் பெண்ணும் நாயின் பெண்ணும் பாட்டி. ஆராய்ந்து பார்த்தால் நரியும் அப்படித்தான் என்கிறார். இதை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உன்ற மககிட்ட மட்டும் சொல்லிப்போடாத" என்றார். இந்நேரம் சொல்லியாகிவிட்டது.

குட்டிப் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. 'குட்டி' என்ற சொல்லுக்கு முதலில் உரிமை கொடுப்பது கீரி, காட்டுப்பூனை, எலி, அணில் என்று நான்கு சின்னப் பிராணிகளுக்குத்தான். நாய், பன்றி, புலி, முயல், நரிக்குக் குருளை. குட்டி என்றாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுக்கிறார். யானைக்கும் குதிரைக்கும் கழுதைக்கும் மாட்டுக்கும் கன்று. ஆட்டுக்கும் மானுக்கும் மறி. இன்றைக்குக் குட்டி எல்லாரையும் தின்றுவிட்டது: ஆட்டுக்குட்டி, யானைக்குட்டி, சிங்கக்குட்டி, கடைசியில் கன்றுக்குட்டி. கன்று என்றாலே குட்டிதானே, அப்புறம் எதற்கு இன்னொரு குட்டி என்று யாரும் கேட்பதில்லை. மறி மட்டும் செம்மறி என்ற பெயருக்குள் ஒளிந்துகொண்டு பிழைத்துவிட்டது. பிள்ளை, அணில்பிள்ளையிலும் கீரிப்பிள்ளையிலும் தென்னம்பிள்ளையிலும் இருக்கிறது.

இத்தனை தீர்ப்புகளுக்கும் நடுவில் ஒரு நூற்பா, ஆண்பால் எல்லாவற்றையும் ஆண் என்றும் பெண்பால் எல்லாவற்றையும் பெண் என்றும் சொல்லலாம் என்று அனுமதி கொடுக்கிறது. இன்றைக்கு ஆண் புலி, பெண் மயில் என்று எழுதுகிறவர்களைப் பார்த்துத் தமிழ் அழிந்துவிட்டது என்று பொங்குகிறவர்கள் அந்த நூற்பாவைப் படிக்க வேண்டும். புலியை மேய்க்கிறவர் யார்? அன்றாடம் கையாளாத விலங்குக்கு ஆண், பெண் போதும். கையாளுகிற விலங்குக்குத்தான் போதாது. யானையைப் பாருங்கள். களிறும் பிடியும் புத்தகத்துக்குப் போய்விட்டன. ஆனால் யானையோடு மல்லுக்கட்டுகிற வனத்துறைக்காரரும் தோட்டக்காரரும் சும்மா ஆண் யானை என்று நிறுத்துவதில்லை: தந்தம் உள்ளது கொம்பன், தந்தம் இல்லாத ஆண் மக்னா. ராத்திரி வாழைத்தோப்பில் நிற்பது எது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அதனால் சொல் பிறந்துவிட்டது, கடன் வாங்கியாவது.

கோழிக்கு வருவோம். 'கோழி கூவுது' என்கிறோம். கூவுவது சேவல். ஆனால் யாரும் சேவல் கூவுது என்று எழுந்து உட்காருவதில்லை. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவிக்கும் 'குக்கூ என்றது கோழி'தான். ஆகவே இந்த அசட்டைக்கு வயசு இரண்டாயிரம். வீட்டுக்குள் வந்தால் கணக்கு கறாராகிவிடும். முட்டைக்கு வரப்போகிற இளசு வெடைக்கோழி, உட்கார்ந்தது அடைக்கோழி, மற்றது பெட்டை. சேவல் ஒன்று போதும், மீதி விருந்தாளி வந்தால். வெடை என்பது எழுத்தில் விடை. அதே விடை என்ற சொல்தான் காளைக்கும். சம்பந்தர் முதல் பதிகத்திலேயே சிவனை விடையேறி என்று பாடிவிட்டார். ஒரு சொல் காளையாகவும் இளங்கோழியாகவும் இருக்கிறது.

பெட்டை என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி தனி. தொல்காப்பியத்தில் ஒட்டகம், குதிரை, கழுதை, பறவைகள் என்று கௌரவமாக இருந்தது. அது பொட்டையாகி, மனுசர்களைத் திட்டுகிற சொல்லாகி, 'பொட்டக்கோழி கூவிப் பொழுது விடியுமா' என்று என்னை மாதிரிப் பெண்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் எறிகிற கல்லாகிவிட்டது. என் மகள் தெருநாயைப் 'பெண் நாய்' என்றுதான் சொல்கிறாள். எங்கள் அடுக்ககத்தில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான். பழைய சொல் போகிறதே என்று ஒரு பக்கம் இருந்தாலும், அதைத் திருப்பிச் சொல்லித் தர எனக்கு மனசு வரவில்லை. சில சொற்கள் வழக்கொழிவதில்லை, நாமே கைகழுவுகிறோம்.

சில சொற்களோ தொலைந்துவிட்டன என்று நினைத்த பிறகு வேறொரு வாசலில் நிற்கும். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைத் தோழி யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சுவாக்கில் ஒரு நாள், "எங்கட வீட்டில அப்ப ஒரு நாகு கண்டு நிண்டது" என்றார். பாம்பா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கணினித் திரை ஆடியது. நாகு என்றால் கிடேரி. கண்டு என்றால் கன்று. ஆண் கன்று நாம்பன். பெட்டை ஆடு அவருக்கு மறி, ஆண் ஆடு கிடாய், பெட்டைக்கோழி பேடு. மரபியலில் "எருமையும் மரையும் பெற்றமும் நாகே" என்று படித்து, கீழே அடிக்குறிப்பு பார்த்துப் பொருள் எழுதி வைத்திருந்த சொல்லை, இவர் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார். எனக்குக் கிடேரி, அவருக்கு நாகு. என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அவிங்க மாடு நம்ம மாட்டவிட மூத்ததாட்ட இருக்குது" என்றார்.

நூற்பாவில் வரும் 'பெற்றம்' மாட்டைத்தான் குறிக்கிறது. மார்கழியில் 'பெற்றம் மேய்த்துண்ணும் குலத்தில் பிறந்து' என்று ஆண்டாளைப் பாடும்போது மட்டும் உயிர் பெற்றுவிட்டு அடுத்த மார்கழிவரை தூங்கிவிடும். 'ஆ' இன்னும் அதிர்ஷ்டசாலி. விடிகாலையில் பால் பாக்கெட்டில் ஆவின் என்று வாசலில் வந்து விழுகிறது. ஆவினுடையது, அதாவது பசுவினுடையது. வேற்றுமை உருபோடு ஒரு சங்ககாலச் சொல் ஊர் முழுக்க நீலம், பச்சை, ஆரஞ்சு நிறத்தில் விற்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தோசம்.

இனி எங்கள் கட்டுத்தறியில் நிற்கும் ஒரு கிடேரியின் கதை. மூன்று வருசத்துக்கு முன்னால் அப்பா ஒரு சந்தையில் சிந்து கலப்புக் கிடேரி ஒன்றை வாங்கினார். எங்கள் ஊரில் ஜெர்சிக் கலப்பைச் சிந்து மாடு என்றுதான் சொல்வோம். நானும் கூடப் போயிருந்தேன். தரகர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல் எல்லாம் பால்பல், அதாவது இளசு. "பல்லே போடலீங்க. சுழி சுத்தம். ஆறு மாசத்துல பருவத்துக்கு வந்துரும்." துண்டைப் போட்டு மூடிக்கொண்டு இருவரும் விரலைப் பிடித்துப் பேசினார்கள். நான் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மடிப்புகூட அசையவில்லை. அப்பா முகத்தில் மட்டும் புருவம் இரண்டு தடவை ஏறி இறங்கியது. வெளியே வந்து சொன்னார், முப்பத்திரண்டு.

ஆறு மாசமும் போயிற்று, ஒரு வருசமும் போயிற்று. கிடேரி நன்றாகத் தின்றது, நன்றாக வளர்ந்தது. பருவத்துக்கு மட்டும் வரவில்லை. 21 நாளுக்கு ஒருமுறை வர வேண்டிய கத்தலும் இல்லை, கண்ணாடி மாதிரி வழும்பும் இல்லை. அப்பா முளைகட்டிய பயறு கொடுத்தார், கறிவேப்பிலை அரைத்துக் கொடுத்தார், தாது உப்பு வாங்கிப் போட்டார். கடைசியில் மாட்டு டாக்டர் வந்து கையுறை மாட்டிக் கொண்டு உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "கருப்பை வளரவே இல்லீங்க. இது இரட்டைக் கன்னாப் பொறந்ததுங்களா?"

அப்பாவுக்கு என்ன தெரியும்? தரகருக்குப் போன் போட்டார். "நான் வாங்குனவங்கள விசாரிச்சுச் சொல்றனுங்" என்றவர், அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. டாக்டர் நோட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிவிட்டு விளக்கினார். பசு இரட்டைக் கன்று போடுவது அபூர்வம். ஒன்று காளையும் ஒன்று கிடேரியுமாக வயிற்றில் இருந்தால், பெரும்பாலும் இரண்டின் நஞ்சுக்கொடியும் ஒட்டி, ரத்தம் ஒன்றோடொன்று கலந்துவிடும். காளைக்கன்றின் சுரப்புகள் கிடேரிக்குள் போய், அதன் கருப்பையையும் சூல்பையையும் வளரவிடாமல் செய்துவிடும். அப்படிப் பிறந்த கிடேரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. காளைக்கன்றுக்கு அவ்வளவாகப் பாதிப்பு இல்லை. ஆடு எப்போதும் இரண்டு மூன்று போடுகிறதே என்று நான் கேட்டேன். ஆட்டுக்கு அந்த மாதிரி ரத்தக்குழாய்கள் ஒட்டுவது அரிது என்றார்.

இதற்கு நடுவில் வடக்கு வீட்டு ஆத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, நோட்டும் இல்லாமல் கையுறையும் இல்லாமல் சொன்னார்: "காளையோட ஒட்டிப் பொறந்ததா இருக்கும். அதுக்குச் சினை நிக்காது." டாக்டர் ஆமாம் என்று தலையசைத்தார். இவ்வளவு தெரிந்தவர் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம். "நீங்க என்னக் கேட்டா வாங்குனீங்க?" என்றார் ஆத்தா.

விற்றுவிடச் சொல்லி நாலு பேர் வந்தார்கள். கறவை இல்லை, கன்று இல்லை, தினம் ஒரு கட்டுச் சோளத்தட்டு. அப்பா விற்கவில்லை. இன்னொருவரிடம் உண்மையைச் சொல்லி விற்றால் கறிக்குத்தான் போகும், சொல்லாமல் விற்க அவருக்கு வாய் வராது. கட்டுத்தறியின் ஓரத்தில் அது பாட்டுக்கு நிற்கிறது.

அது ஒரு பக்கம் இருக்க, மாசியில் பிறந்த காளைக்கன்று என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதுவும் கலப்புதான். கலப்புக் காளைக்குத் திமில் சரியாக வராது, நுகத்தடி நிற்காது. நின்றாலும் பூட்டி ஓட்ட யார் இருக்கிறார்கள்? டிராக்டர் வந்து உழவு மாட்டை எடுத்துக்கொண்டது. பொலிகாளையைச் சினை ஊசி எடுத்துக்கொண்டது. திரவ நைட்ரஜன் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு ஊசிக்காரர் வருகிறார், சின்ன உறிஞ்சுகுழாய் ஒன்றை எடுக்கிறார், நோட்டில் ஒரு காளையின் எண்ணை எழுதுகிறார். அந்தக் காளையை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. இப்போது பாலினம் பிரித்த ஊசியும் வந்துவிட்டது. போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரிதான். அம்மா அடுத்த முறை அதைத்தான் போடச் சொல்லப்போகிறார்.

2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க மாடுகள் 19.25 கோடி. எருமை இதில் சேராது. அதில் பெண் மாடுகள் மட்டும் 14.51 கோடி. 2012-க்கும் இதற்கும் நடுவில் பெண் மாடுகள் 18 சதவீதம் கூடின, ஆண் மாடுகள் 30 சதவீதம் குறைந்தன. எருது என்ற சொல் என் மகள் வாயில் இல்லாததற்குப் பள்ளிக்கூடம் காரணம் இல்லை. அவள் எருதைப் பார்த்ததே இல்லை. வலத்து மாடு, இடத்து மாடு எனக்கே காதால் கேட்டதுதான். எங்கள் காளைக்கன்றை மூன்று மாசம் தாய்ப்பால் விட்டு வளர்த்து, அப்புறம் ஒரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. எங்கே என்று அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போன வாரம் ஊரில் இருந்தபோது காது வில்லை போடுகிற பையன் வந்தான். மஞ்சள் வில்லை, 12 இலக்க எண். ஒவ்வொரு மாடாகக் கேட்டுப் போனில் ஏற்றிக்கொண்டே வந்தவன், ஓரத்தில் நின்றதன் பக்கத்தில் வந்ததும், "இது எத்தன ஈத்துங்க ஐயா?" என்றான்.

"ஈத்து இல்ல தம்பி. கிடேரி."

அவன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே மறு கையால் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தான். "ஆறு பல்லு போட்ருக்குதுங்க. இதப் போயிக் கிடேரிங்கறீங்க?"

அப்பா தண்ணித்தொட்டிக்குப் போய்விட்டார். "கிடேரின்னே போட்டுக்க சாமி, எங்கூட்டு மூத்த கிடேரி" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார். அவன் எதை அழுத்தினான் என்று எனக்குத் தெரியவில்லை. வில்லை குத்தும்போது அது ஒரு தடவை தலையை உதறிவிட்டு, திரும்பவும் தட்டு தின்ன ஆரம்பித்துவிட்டது.